பதினைந்துக்கு நாலு குறைவு

ஜூன் 10, திங்கள்

இன்று முற்பகல் பதினொன்று பத்துக்கு, தேநீர் ஆறிக்கொண்டிருந்த புனிதமான வேளையில், இயற்பியல் என்னும் பேரரசின் மீது போர் தொடுக்கப்பட்டது. எதிரி குதிரையில் வரவில்லை. சுற்றறிக்கையாக வந்தான்.

சாரம் இதுதான். ஆகஸ்ட் ஒன்றாம் தேதியன்று பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் பதினைந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பிரிவு மூடப்படும். அதன் ஆசிரியர் 'உபரி' என்று கருதப்பட்டு, தேவையுள்ள இடத்துக்கு அனுப்பப்படுவார்.

உபரி! நெடுங்கரைப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் முதுகலை இயற்பியல் ஆசிரியனும், ஊரில் பாதிப் பேருக்கு மாமாவும், மீதிப் பேருக்கு சாருமாகிய இந்தச் சிகாமணி உபரி! நியூட்டன் கண்ணை மூடுமுன் கடைசியாக நினைத்தது என்னைத்தான் என்று எனக்கு உறுதியான தகவல் உண்டு.

இன்றைய தேதிக்குச் சேர்ந்திருப்பவர்கள் ஒன்பது பேர்.

"இன்னும் ஆறு பேரப் பிடிச்சாப் போதும் சார்" என்றார் தலைமையாசிரியை அருள்மேரி.

"பிடிக்கிறதுக்கு அது என்ன மேடம், விரால் மீனா?"

"விரால்னா நானே போயிருவேன் சார்."

ஏன் ஒன்பது என்று வருங்காலம் கேட்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். வேதியியல் ஆசிரியர் பணியிடம் மூன்று வருடமாகக் காலி. உயிரியல் டீச்சர் வாரத்தில் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் வேறு பள்ளியில். ஆய்வகம் இருக்கிறது. ஒரு கட்சி ஆட்சியில் ஒருமுறையும் அடுத்த கட்சி ஆட்சியில் மறுமுறையும் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு கல்வெட்டு உண்டு, தண்ணீர்க் குழாய் கிடையாது. இப்போது அதற்குள் சுற்றுவட்டாரத்து ஐந்து பள்ளிகளுக்கான நூற்று எண்பத்தாறு இலவச சைக்கிள்கள் நிற்கின்றன. எம்.எல்.ஏ. தேதி கொடுத்தால்தான் வெளியே வரும். போன வருடத்திலிருந்து தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். எனக்கு இதில் துளிக் கவலையும் கிடையாது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 13, வியாழன்

மொபெட்டில் ஊர்வலம். வேட்பாளரைப் போல இரண்டு தெருவிலும் கும்பிட்டபடி போனேன்.

"என்ன மாமா, எந்தக் கட்சி?" என்றான் டீக்கடை முனியசாமி.

"இயற்பியல் கட்சி. சின்னம் காந்தம்."

"ஜெயிச்சா என்ன செய்வீக?"

"உன் கடை டீயில டீத்தூள் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு கருவி செஞ்சு தருவேன்."

ஆறு வீடு ஏறினேன். ஆறிலும் ஒரே பேச்சு. "டாக்டருக்குத்தான் தனிப் பரீட்சை வச்சுட்டாகளே சார். அதுக்குக் கோச்சிங்குல போகணும். இங்க படிச்சு என்ன செய்ய?" அந்தப் பரீட்சை வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே சத்தமில்லாமல் பிள்ளைகள் அறிவியலை விட்டு வணிகவியலுக்கு நடந்து போகின்றன.

ஒன்றியச் செயலாளர் கதிரேசன் வீட்டிலும் ஏறினேன். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "அறிவியல்தான் சார் எதிர்காலம். அடுத்த கூட்டத்துல அண்ணனைப் பேச வச்சிருவோம்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து அவர் மகனை இறக்கிவிட்டது. நான் மோரைக் குடித்து முடித்தேன்.

வேட்டை: ஒன்று. மொத்தம் பத்து.

ஜூன் 19, புதன்

மேலிட உத்தரவுப்படி இன்று பள்ளியில் எடுத்த உறுதிமொழிகள் மூன்று. பதிவேற்றிய புகைப்படங்கள் பதினாறு. எடுத்த பாடம் ஏதுமில்லை.

ஜூன் 22, சனி

அங்கன்வாடி உதவியாளர் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். அவரது இளைய மகள் பெயர் முத்துராக்கு. பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூற்றேழு. நான் ஒன்றும் தேடிப் பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியல் மேடத்தின் மேசைமேல் கிடந்தது, கண் தானாகப் போனது.

பஞ்சவர்ணம் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் கலிலியோவில் தொடங்கி நிலவு வரை போய் வந்தேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"முடிச்சிட்டீகளா சார்?"

"முடிச்சிட்டேன்."

"எம்பெரியவ சௌந்தரம் உங்ககிட்டதான் ரெண்டு வருசம் படிச்சா. நோட்டுல ஊசல் படம் போட்டா, அளவு எழுதினா, நீங்களும் முழு மார்க்குப் போட்டீக. அவ ஊசல எங்க பாத்தான்னு கேளுங்க. எங்க வீட்டுத் தொட்டில்லதான் பாத்தா."

"அம்மா, ஆய்வகத்துல சைக்கிள்..."

"அவ படிக்கையில சைக்கிள் இல்ல சார்."

நான் மேகத்தைப் பார்த்தேன்.

"இஞ்சினியர் காலேசுல சேந்த மொத வாரம், ஏதோ இரும்பு அளவுகோலக் கையில குடுத்துருக்காக. இவ ஸ்பேனர் மாதிரிப் பிடிச்சிருக்கா. கிளாசே சிரிச்சிருச்சாம். வீட்டுக்கு வந்து மூணு நாள் சோறு திங்கல. சின்னவ காமர்சுதான் சார். அவளே கேட்டு எழுதிக் குடுத்துட்டா."

முத்துராக்கு உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

பஞ்சவர்ணம் சற்றே மிகைப்படுத்துகிறார். ஒரே ஊர் இரண்டு மிகைப்படுத்துகிறவர்களைத் தாங்காது.

ஆய்வகச் சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. சும்மா எழுதி வைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

மொபெட் செயின் அறுந்தது. என் மனைவி மரகதம் எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். ஒரு மாணவி சேர்ந்தாள், பெயர் ஜெபமலர். மொத்தம் பதினொன்று. எட்டு பேர் பெண்கள். அறிவியல் பிரிவுள்ள அடுத்த அரசுப் பள்ளி இருபத்திரண்டு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலை பஸ் தன் மனநிலையைப் பொறுத்து வரும்.

ஒளியியல் பாடம் தொடங்கி, கரும்பலகையில் லென்ஸ் வரைந்து முடிக்குமுன் வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். லென்ஸ் பாதியில் நிற்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்மார்ட் பலகை வந்து சுவரில் ஏறிவிட்டது. இந்திரலோகத்தில்கூட இவ்வளவு பெரிய திரை இருக்காது. இணைய இணைப்பு மட்டும் இல்லை. ஆனால் தினமும் எத்தனை நேரம் ஓடியது என்று பதிவு செய்தாக வேண்டும். ஆகவே தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறோம். 'இணைப்பு இல்லை' என்ற எழுத்தைப் பதினோரு பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மாவட்டத்திலேயே அதிக நேரம் பலகை ஓடிய பள்ளி என்று நமக்குப் பாராட்டு வந்திருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

இன்னும் பதினொன்றுதான். நாளை மறுநாள் கணக்கெடுப்பு.

அருள்மேரி மேடம் கதவைச் சாத்திவிட்டு, என்னையும் வணிகவியல் ஆசிரியர் இக்பாலையும் உட்காரவைத்தார். இக்பாலிடம் நாற்பத்தொரு பேர்.

"ஒரு நாலு பேர மட்டும் இணையத்துல சயின்சுக்கு மாத்தி வைப்போம். ரெண்டாந்தேதி திருப்பிப் போட்டுருவோம். எல்லா ஊருலயும் செய்றதுதான்."

இக்பால் சிரித்தான். "எடுத்துக்கங்கண்ணே. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்குப் பக்கத்து வீட்டு நாற்காலிய இரவல் வாங்குறதில்லையா? ஆனா நாற்காலியத் திருப்பிக் குடுத்துரணும்."

"முதல்தரமா துடைச்சுக் குடுப்பேன்டா."

கணினியில் நானே உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட நாலு பெயரைச் சொடுக்கினேன். முதல் மூன்று பேர் பட்டியலில் வரிசையாக முதல் மூன்று பையன்கள். நாலாவது முத்துராக்கு. பட்டியலில் அவள் முப்பத்தொன்றாவது. கண் என்றால் எங்கே வேண்டுமானாலும் படும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பதினைந்து! பதினைந்து! பதினைந்து!

முரசு கொட்டுக, யானைகளுக்குக் கரும்பு கொடுக்க! பேரரசு காப்பாற்றப்பட்டது. மேடம் எல்லாருக்கும் பருத்திப்பால் வரவழைத்தார். நான் இரண்டு டம்ளர்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டாம் தேதி மின்சாரம் இல்லை. மூன்றும் நான்கும் விடுமுறை. இன்று காலை இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன்.

பிரிவு மாற்றும் பொத்தான் சாம்பல் நிறமாக இருந்தது. அழுத்தினேன். அசையவில்லை. நாற்பது முறை அழுத்தினேன். பிறகு ஒரு வரி வந்தது: 'இக்கல்வியாண்டுக்கான பிரிவு மாற்றம் நிறைவுற்றது.'

இக்பாலைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உதவி எண்ணை அழைத்தேன். நாதஸ்வர இசை பதினெட்டு நிமிடம். கல்யாணமே முடிந்திருக்கும்.

பிறகு ஒரு பெண் குரல். "மாத்தலாம் சார். நாலு பேரும் எப்படித் தப்பா ஏறினாங்கன்னு விளக்கக் கடிதம் கொடுங்க. மேலிடத்துல திறந்து விடுவாங்க."

"விளக்கம் கொடுத்தா எண்ணிக்கை என்னாகும்மா?"

"திரும்ப எண்ணுவாங்க சார்."

அதாவது, உண்மையைச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் போவார்கள், பதினொன்று ஆகும், பிரிவு மூடப்படும், எட்டுப் பெண்பிள்ளைகள் அந்த மனநிலை பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால், கணக்குப்பதிவியல் கேட்ட நாலு பேர் வேதியியலுக்கு ஆளே இல்லாத பள்ளியில் வேதியியல் பரீட்சை எழுத வேண்டும். இந்தச் சட்டத்தை வகுத்தவரை நேரில் சந்தித்தால் அவரது மூளையைச் செய்முறைத் தேர்வுக்கு வைப்பேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாலு பேரையும் கூப்பிட்டுச் சொன்னோம். பையன்களில் ஒருவன், "ஃபெயிலாக்கிருவீகளா சார்?" என்றான். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முத்துராக்கு மட்டும் கேட்டாள்: "நான் காமர்ஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்ல சார். அந்தப் பேப்பர் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப அது எதுக்கு சார்?"

ஆடிட்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் என்று இக்பால் பிறகு சொன்னான். நேற்றுதான் முதல் அத்தியாயத்தின் கணக்கு அத்தனையும் போட்டுக் காட்டினாளாம். எனக்கு ஏன் சொல்கிறான் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பஞ்சவர்ணம் அங்கன்வாடிச் சேலையோடேயே வந்துவிட்டார். மேடம் அறையில் மின்விசிறி நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் சார், உங்க வேலைய நீங்க காப்பாத்திக்க எம்புள்ளயக் கொண்டுபோய் நிறுத்துனீகளா?"

"அம்மா, பிரிவைக் காப்பாத்தத்தான்..."

"நாப்பத்தொரு பேரு இருக்கையில எம்புள்ள எப்படி சார் உங்க கையில மாட்டுனா?"

நாக்கு உள்ளவன் என்று மூன்று மாவட்டத்தில் பெயர் எனக்கு. மேசைமேலிருந்த வருகைப் பதிவேட்டை நேராக நகர்த்தி வைத்தேன். மேடம் தண்ணீர் கொடுத்தார். பஞ்சவர்ணம் வாங்கவில்லை.

மதியம் வீட்டில் இதைச் சொன்னேன். மரகதம் ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு சயின்சுல என்ன மார்க்கு?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"தொண்ணூத்தேழு."

"ம்" என்றாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உலக வரலாற்றில் எந்தக் குற்றவாளிக்கும் கிடைக்காத கௌரவம் இன்று எனக்குக் கிடைத்தது.

பஞ்சவர்ணம் காலை ஒன்பது மணிக்கு வெள்ளைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். நாளை கலெக்டர் ஆபீசில் மனுநாள். இந்த ஊரில் முதியோர் உதவித்தொகையிலிருந்து தெருவிளக்கு வரை அத்தனை மனுவும் என் கையெழுத்தில்தான் போகும். இருபது வருடப் பழக்கம்.

"எழுதித் தாங்க சார்."

"யார் மேல?"

"உங்க மேலதான்."

மரகதம் அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டாள்.

"வேற ஆளு யாரும்..."

"இக்பால் சார் கையெழுத்து அவருக்கே புரியாது. நீங்க எழுதுனாத்தான் ஆபீசுல எடுத்துப் படிப்பாக."

உண்மை. உட்கார்ந்தேன். மாண்புமிகு தொடங்கி எழுதினேன். கைவைத்தால் விடமாட்டேன் அல்லவா? 'சதிகார இயற்பியல் ஆசிரியரின் கொடுங்கோல் பிடியில் சிக்கிச் சின்னாபின்னமான என் அருமை மகள்' என்று இரண்டாம் பத்தியை முழங்கிவிட்டு வாசித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் அடிச்சிருங்க சார். நடந்தத மட்டும் எழுதுங்க."

"நடந்ததா?"

"எம்மக காமர்ஸ் கேட்டா. அவளக் கேக்காம சயின்சுல போட்டாக. போட்டது இன்னாரு. அம்புட்டுத்தான்."

நாலு வரியில் முடிந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு சின்ன மனு எழுதியதில்லை. பேனாவை மூடப் போனேன்.

"இன்னொண்ணு சேத்துக்கங்க. அந்தப் பதினோரு புள்ளைக இருக்குல்ல, அதுகளுக்குக் கிளாச மூடக்கூடாது. அதுகளுக்குப் பாடம் நடத்த ஆளும் வேணும்."

"நீங்க உங்க மகளுக்குத்தானே..."

"எம்மகளக் கேட்டா, அடுத்தவுக புள்ளைகளத் தெருவுல விடச் சொல்றதா ஆயிருமா? எழுதுங்க சார்."

எழுதினேன். மரகதம் அவருக்குக் காபி கொடுத்தாள். குடித்தார். எனக்குக் கொடுத்ததில் சர்க்கரை இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மனு எண் முந்நூற்றுப் பதினேழு. பஞ்சவர்ணம் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆய்வகத்தில் பாம்பு புகுந்திருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். ஆகவே பூட்டைத் திறக்க நேர்ந்தது. சாவி சுற்றவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, கடைசியில் இக்பால் கல்லால் தட்டினான். சைக்கிள்களை ஒரு பக்கமாக ஒதுக்கியதில் பன்னிரண்டடிக்கு எட்டடி இடம் கிடைத்தது. பாம்பு இல்லை.

திறந்தது திறந்தாயிற்று என்று பதினைந்து பேரையும் உள்ளே விட்டேன். ஸ்டாண்டைத் துடைத்து, நூலில் குண்டைக் கட்டினேன். என் கை நூல் முடிச்சை மறந்துபோயிருந்தது. எத்தனை வருடம் என்று எண்ணவில்லை. இரண்டாவது கல்வெட்டுத் திறப்புவிழாவுக்குப் பிறகு தொடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று ஒவ்வொருவரும் எடுத்தார்கள். பையன்கள் கத்திக்கொண்டே எண்ணினார்கள். ஜெபமலர் பதினெட்டிலேயே நிறுத்திவிட்டாள். முத்துராக்கு மூன்று முறை எடுத்தாள், மூன்றும் ஒன்றுபோல வந்தன. நூலைக் குறைத்தால் நேரம் குறைகிறது, குண்டை மாற்றினால் மாறவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

நான், பெருந்தன்மையின் இமயமாகிய நான், மெதுவாகக் கேட்டேன். "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

"அப்ப..."

"ஆனா நான் காமர்ஸ்தான் சார்."

சொல்லிவிட்டு நூலைச் சுற்றி அதன் இடத்தில் வைத்தாள்.

ஆகஸ்ட் 17, சனி

மழை. எம்.எல்.ஏ. தரப்பிலிருந்து, சைக்கிளை யார் ஒதுக்கியது என்று ஒரு போன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்து பார்த்தேன்.

நான் எழுதிய அந்த மனு கலெக்டர் ஆபீசிலிருந்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஒரு முத்திரையோடு தலைமையாசிரியைக்கு வந்திருக்கிறது. அதன் கீழே, 'சம்பந்தப்பட்ட ஆசிரியர் விசாரித்து அறிக்கை அளிக்கவும்.' சம்பந்தப்பட்ட ஆசிரியர் யார்? அடியேன். என்மேல் நானே எழுதிய புகார் மாவட்டத்தைச் சுற்றிவிட்டு, நானே விசாரித்து நானே தீர்ப்பெழுத என் மேசைக்கு வந்துவிட்டது. சக்கரவர்த்திகளுக்குக்கூட இந்த அதிகாரம் கிடையாது.

மேடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"'புகாரில் முகாந்திரம் இல்லை'ன்னு ஒரு வரி எழுதுங்க சார். எல்லாரும் அதான் எழுதுவாக. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன். ஃபைல் முடிஞ்சிரும். பதினோரு புள்ளைகளும் பிழைச்சிரும்."

"அந்த நாலு?"

மேடம் பேனாவைத் திறந்து மூடினார். "எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு சார்? ரெண்டு பக்கமும் புள்ளைகதான். எவனோ ஒருத்தன் பதினஞ்சுன்னு எழுதினான். பதினொண்ணு புள்ளைகன்னா புள்ளைக இல்லையா?"

முதல்முறையாக மேடம் என்னைவிட உரக்கப் பேசினார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எட்டு வரைவுகள் எழுதினேன். முதலாவதில் கல்வித்துறையை நார்நாராகக் கிழித்தேன். மூன்றாவதில் இரண்டு கட்சிகளையும் ஒரே வாக்கியத்தில் புதைத்தேன். ஐந்தாவதில் இணையதளத்தின் சாம்பல் பொத்தானை அண்டசராசரங்களின் முன் கூண்டில் ஏற்றினேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எல்லாவற்றிலும் நான் மட்டும் இல்லை.

எட்டாவது இது:

'புகார் உண்மை. மாணவர் நால்வரின் விருப்பத்தைக் கேட்காமல் பிரிவு மாற்றியவன் நானே. மாணவி முத்துராக்குவை அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர் என்பதால் தேர்ந்தெடுத்தேன். நால்வரையும் அவர்கள் கேட்ட பிரிவுக்கு மாற்றித் தரவும். மற்ற பதினோரு பேர் எந்தத் தவறும் செய்யவில்லை. பிரிவை மூட வேண்டாம். ஆய்வகம் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்ததற்கும் சைக்கிள்கள் மட்டும் காரணமல்ல.'

மேடம் படித்தார். 'நானே' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இதுல என் பங்கும் இருக்கே சார்" என்றார். அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. ஒளியியல் பாதி லென்ஸை முடித்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஒன்று: நாலு பேரும் வணிகவியலுக்கு மாற்றப்படுகிறார்கள். இரண்டு: மாணவர் நலன் கருதி, ஏற்கெனவே சேர்ந்த பதினோரு பேருக்கும் அறிவியல் பிரிவு சிறப்பு நேர்வாக இரண்டாண்டு தொடரும். மூன்று: எண்ணிக்கை குறைவால் இயற்பியல் பணியிடம் திரும்பப் பெறப்படுகிறது. ஆசிரியர் சிகாமணி திங்கள் பிற்பகல் விடுவிக்கப்பட்டு, எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளியில் சேர வேண்டும். நான்கு: தவறான பதிவுக்காக எனக்கும் மேடத்துக்கும் எச்சரிக்கை.

அதாவது வகுப்பு இருக்கும். பாடம் இருக்கும். பரீட்சை இருக்கும். ஆசிரியர் இருக்க மாட்டார். குதிரையை விட்டுவிட்டுச் சவாரியை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள்.

பஞ்சவர்ணம் பள்ளிக்கு வந்தார். ஆணையின் நகலை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ரெண்டு கேட்டோம். ஒண்ணரை குடுத்துருக்காக."

"ஆமா."

"அந்த அரைக்கு இன்னொரு மனு எழுதணும் சார்."

"எழுதிருவோம்."

"அங்க போயும் எழுதுவீகளா?"

"தபால்ல அனுப்புறேன்."

அவர் தலையசைத்தார். எச்சரிக்கை என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். காதைத் திருகுவார்கள் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அவர் என்னிடம் சொல்லாமல் விட்டிருந்த வார்த்தை அது.

இக்பால் நாலு பேரையும் தன் வகுப்பில் உட்காரவைத்துக்கொண்டான். முத்துராக்கு ஒரு மாதப் பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மரகதம் பாதிச் சாமான்களை மூட்டை கட்டிவிட்டாள். மீதிப் பாதியைப் பற்றி நாங்கள் இன்னும் சண்டை போடவில்லை.

காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குப் போனேன். பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். ஆணை விஷயம் ஊருக்கே தெரியும். முனியசாமியின் டீக்கடையில் அது வெள்ளிக்கிழமை மாலையே அலசி முடிக்கப்பட்டுவிட்டது.

ஜெபமலர் கையைத் தூக்கினாள்.

"சார், புது சார் எப்ப வருவாக?"

இதற்குப் பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. நாளைக் காலை ஹெலிகாப்டரில் வருவார், ஐன்ஸ்டைனின் ஒன்றுவிட்ட தம்பி மகன், முதல்வரே கையைப் பிடித்துக் கூட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து வைத்தவை. பிள்ளைகள் சிரிக்கவும் தயாராக இருந்தார்கள். என்னைத் தெரியுமல்லவா அவர்களுக்கு?

"யாரும் வரமாட்டாக" என்றேன். "பணியிடத்தையே எடுத்துட்டாக. மனு போட்டுக்கிட்டே இருப்போம். ஆனா இப்போதைக்கு யாரும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி சன்னலைப் பார்த்தாள். ஜெபமலர் உட்காரவில்லை. புத்தகத்தின் பக்கங்களை விரலால் புரட்டிக் கடைசி அத்தியாயம் வரை போய், மீண்டும் இருந்த இடத்துக்கு வந்தாள்.

"அப்ப இன்னைக்கு எம்புட்டு நடத்த முடியும் சார்?"

மணியைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. வேதியியல் பாடவேளை காலி. உயிரியல் டீச்சர் இன்று வேறு பள்ளியில். தமிழ் ஐயாவிடமும் ஆங்கிலம் டீச்சரிடமும் கேட்டால் கொடுப்பார்கள்.

"நாலு இருபது வரைக்கும்" என்றேன்.

சாக்பீஸை எடுத்தேன். நடத்தினேன்.